கர்ப்பகாலத்தில் ஓய்வுக்குத்தான் காரணம் வேண்டும்

ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் அதிகம் கேட்கும் அறிவுரை "உடம்பை அலட்டிக்கொள்ளாதே" என்பதுதான். அது அன்பினால் சொல்லப்படுகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைக் கேட்டுக் கேட்டே, நடப்பதற்கும் மாடிப்படி ஏறுவதற்கும்கூட யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டும் என்ற எண்ணம் பெண்களுக்கு வந்துவிடுகிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் திரண்டிருக்கும் மருத்துவ அறிவோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது. சிக்கல் ஏதுமற்ற கர்ப்பத்தில் உடலை இயக்குவதே இயல்பு. இயங்காமல் இருக்கச் சொல்வதற்குத்தான் குறிப்பான காரணம் ஒன்று வேண்டும். நான் மருத்துவர் அல்லள். கர்ப்பகால நீரிழிவோடு பிள்ளை பெற்றவள். அந்த நாள்களில் தொடங்கிய வாசிப்பை இன்றுவரை விடாதவள். இப்போது வாயும் வயிறுமாக இருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் பயன்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

இந்தத் தயக்கத்தை வளர்த்ததில் மருத்துவ உலகத்துக்கும் பங்கு உண்டு. அமெரிக்க மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவ நிபுணர்களின் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 1985-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கர்ப்பிணியின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது என்றும், கடுமையான பயிற்சி 15 நிமிடங்களுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்றும் வரம்பு விதித்தது. அன்று கையிலிருந்த சான்றுகள் மிகக் குறைவு என்பதால் எச்சரிக்கையின் பக்கம் சாய்ந்து வகுத்த வரம்புகள் அவை. ஆய்வுகள் பெருகிய பின் 1994-இல் அதே அமைப்பு அந்த இரண்டு வரம்புகளையும் கைவிட்டது. இருந்தும் 140 என்ற எண் மட்டும் இன்றைக்கும் வாய்வழியாக உலவிக்கொண்டிருக்கிறது. கர்ப்பத்தில் ஓய்வு நிலையிலேயே இதயத்துடிப்பு நிமிடத்துக்குப் பத்து முதல் இருபது வரை கூடிவிடுகிறது. பயிற்சியின்போது அது எவ்வளவு உயரும் என்பதும் பெண்ணுக்குப் பெண் மாறுபடுகிறது. அதனால் எல்லாருக்கும் பொதுவான ஓர் எண்ணை எல்லைக்கோடாக வைப்பதில் பொருளில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட உடல் இயக்க வழிகாட்டுதலில் கர்ப்பிணிகளுக்கும் பிரசவம் முடிந்தவர்களுக்கும் முதன்முறையாகத் தனிப் பரிந்துரை இடம்பெற்றது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சி, அதோடு தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகள் என்பதே அதன் சாரம். முன்பு பயிற்சியே செய்யாதவர்களும் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம் என்று அது தெளிவாகச் சொல்கிறது.

இதனால் கிடைக்கும் பயன்களைப் பொதுவாக "உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தில் பதியாது, எண்களாகவே சொல்கிறேன். 2019-இல் கனடா நாட்டு மகப்பேறு மருத்துவர்களும் உடற்பயிற்சி அறிவியலாளர்களும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதலுக்காக, அதுவரை வந்திருந்த ஆய்வுகள் தொகுத்துப் பார்க்கப்பட்டன. உடற்பயிற்சி செய்த கர்ப்பிணிகளுக்குக் கர்ப்பகால நீரிழிவு, கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம், பிரீஎக்லாம்ப்சியா ஆகிய மூன்றும் வருவதற்கான வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. கர்ப்பகால மனச்சோர்வும் குறைந்திருந்தது. இவை மூன்றும் சில்லறைத் தொந்தரவுகள் அல்ல. ரத்த அழுத்தம் கூடுவதோடு சிறுநீரகம், கல்லீரல் போன்ற உறுப்புகளையும் தாக்கும் பிரீஎக்லாம்ப்சியா, உலகெங்கும் தாய்மாரின் உயிரைப் பறிக்கும் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. அதன் வாய்ப்பைக் குறைக்கக்கூடிய, செலவே இல்லாத ஒரு வழியைப் பெண்களிடம் எடுத்துச் சொல்லாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீரிழிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நான் நேரில் அறிந்தது அது என்பதாலும், உடற்பயிற்சி எப்படி வேலை செய்கிறது என்பதை அதைப் போல வேறெதுவும் தெளிவாகக் காட்டுவதில்லை என்பதாலும். கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபடி செய்கின்றன. வளரும் குழந்தைக்குச் சர்க்கரை எப்போதும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பதற்காக இயற்கை செய்துகொண்ட ஏற்பாடு இது. பெரும்பாலான பெண்களின் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரந்து இதைச் சமாளித்துவிடுகிறது. அப்படிச் சமாளிக்க முடியாதபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. 24 முதல் 28 வாரங்களுக்குள் செய்யப்படும் பரிசோதனையில் அது தெரியவருகிறது. தாயின் ரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குச் செல்லும், ஆனால் தாயின் இன்சுலின் செல்லாது. தன்னிடம் வந்து சேரும் அளவுக்கு மீறிய சர்க்கரையைக் கையாளக் குழந்தை தானே இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. அதன் விளைவாகக் கொழுப்புச் சேர்ந்து அளவுக்கு அதிகமாகப் பெருக்கிறது. இது பிரசவத்தைக் கடினமாக்குகிறது. தொப்புள்கொடியை வெட்டியவுடன் தாயிடமிருந்து வந்த சர்க்கரை நின்றுபோக, குழந்தையின் உடலில் இன்சுலின் மட்டும் மிஞ்சியிருப்பதால், பிறந்த சில மணி நேரத்தில் அதன் சர்க்கரை அளவு ஆபத்தான வகையில் இறங்கிவிடக்கூடும்.

இந்தச் சங்கிலியை உடற்பயிற்சி தொடக்கத்திலேயே அறுக்கிறது. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காத காலத்தில் இதைவிட நேரான வழி வேறு இல்லை. பயிற்சி முடிந்த பிறகும் பல மணி நேரத்துக்கு, தசைகள் இன்சுலினுக்கு முன்னைவிட நன்றாகச் செவிசாய்க்கின்றன. சாப்பிட்டு முடித்த சிறிது நேரத்தில் எழுந்து இருபது நிமிடம் நடந்துவிட்டுக் குளுக்கோமீட்டரில் விரல் நுனி ரத்தத்தை வைத்துப் பார்ப்பேன். அதே உணவை அதே அளவு உண்டுவிட்டு உட்கார்ந்திருந்த நாள்களின் அளவோடு ஒப்பிட்டால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும். உணவு தொடங்கியதிலிருந்து ஒரு மணி நேரத்தில் சர்க்கரை அளவு 140-க்குக் கீழ், இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ் (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) என்பது கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக வைக்கப்படும் இலக்கு. எந்தச் சொற்பொழிவாலும் வராத நம்பிக்கை அந்தச் சிறிய திரையில் மாறும் எண்ணைப் பார்க்கும்போது வரும். சிலருக்கு உணவுக் கட்டுப்பாட்டோடும் நடையோடும் சேர்த்து இன்சுலின் ஊசியோ மாத்திரையோ தேவைப்படத்தான் செய்யும். அது அவர்களின் முயற்சிக்குறைவைக் காட்டுவது ஆகாது. அவர்களின் நஞ்சுக்கொடியும் கணையமும் அப்படி.

குழந்தைக்கு ஆபத்து நேருமோ என்ற அச்சமே பெரும்பாலோரை முடக்குகிறது. தாய் பயிற்சி செய்யும்போது குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்குப் பத்து முதல் முப்பது வரை கூடும், பயிற்சி முடிந்ததும் இயல்புக்குத் திரும்பும். இது தீங்கின் அறிகுறி ஆகாது. மிதமான பயிற்சியால் கருச்சிதைவோ, குறைப்பிரசவமோ, எடை குறைந்த குழந்தை பிறப்பதோ அதிகரிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அளவுக்கு மீறிப் பெருத்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு குறைகிறது என்றே காட்டுகின்றன. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஜேம்ஸ் கிளாப் 1980-களிலும் 90-களிலும் ஓட்டம், ஏரோபிக்ஸ் போன்ற பயிற்சிகளைக் கர்ப்பத்திலும் தொடர்ந்த பெண்களைக் கவனித்து, பயிற்சி செய்பவர்களின் நஞ்சுக்கொடி நன்றாக வளர்வதைக் கண்டறிந்தார். அவர்களின் குழந்தைகள் ஐந்து வயதில் ஒல்லியாகவும் ஆரோக்கியமாகவும் இருந்ததையும் பதிவுசெய்தார். இதை வைத்துக்கொண்டு, பயிற்சி செய்தால் பிள்ளை அறிவாளியாகப் பிறக்கும் என்றெல்லாம் பேசுபவர்களை நான் நம்புவதில்லை. அவர் ஆராய்ந்த பெண்களின் எண்ணிக்கை சிறியது; விரும்பிப் பயிற்சி செய்பவர்களின் வாழ்க்கைமுறையும் வேறுபட்டிருக்கும். நஞ்சுக்கொடி செழிப்பாக வளர்கிறது, குழந்தைக்குத் தீங்கு இல்லை என்ற அளவே எனக்குப் போதுமானது.

முதல் மூன்று மாதங்களில் அசைந்தாலே கரு கலைந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். தொடக்க காலக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதி, கருவின் குரோமோசோம்களில் நேர்ந்த குறைபாட்டால் ஏற்படுபவை. தாய் நடந்ததாலோ படி ஏறியதாலோ அவை ஏற்படுவதில்லை. கருவை இழந்த ஒருத்தியிடம் "நீ அன்றைக்கு அங்கே நடந்து போனாயே" என்று சொல்வது, அறிவியலுக்குப் பொருந்தாதது என்பதோடு, ஆறாத காயத்தையும் உண்டாக்குகிறது. மறுபக்கம், படுத்தே கிடப்பதற்கு விலை உண்டு. கர்ப்பத்தில் ரத்தம் எளிதில் உறையும் தன்மை பெறுவதால் கால் சிரைகளில் ரத்தம் கட்டும் வாய்ப்பு மற்ற காலத்தைவிட நான்கைந்து மடங்கு அதிகம். அசையாமல் கிடந்தால் அது இன்னும் கூடும். தசையும் எலும்பும் வலுவிழக்கும். குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்று நம்பி முழுப் படுக்கை ஓய்வு பரிந்துரைக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அது பயன் தருவதாகச் சான்று இல்லாததால், வழக்கமாக அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே மேலே சொன்ன அமெரிக்க அமைப்பு இன்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்துகிறது.

"நாள் முழுக்க வேலை செய்கிறாளே, அதுவே உடற்பயிற்சிதானே" என்ற பேச்சையும் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்கச் சுமை தூக்குவதும், மணிக்கணக்கில் நின்றபடியே வேலை பார்ப்பதும், தான் சோர்ந்தபோது நிறுத்த முடியாத உழைப்பும் உடற்பயிற்சி தரும் பயனைத் தருவதில்லை. அத்தகைய உழைப்புக்கும் குறைப்பிரசவத்துக்கும் தொடர்பு இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. உடற்பயிற்சியில் பெண் தானே வேகத்தை முடிவு செய்கிறாள், மூச்சு வாங்கினால் நிற்கிறாள், முடிந்ததும் இளைப்பாறுகிறாள். ஆகவே, கடினமாக உழைத்துக் களைத்து வீடு திரும்பும் கர்ப்பிணியிடம் இந்தப் பதிவைக் காட்டி "நீயும் நட" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். அவளுக்குத் தேவை உட்காரும் நேரமும், சுமையைப் பகிர்ந்துகொள்ளும் கைகளும்தான்.

சரி, எவ்வளவு கடினமாகச் செய்யலாம்? வேகமாக நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். இதுதான் மிதமான பயிற்சி. பேச்சு இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை தடைப்பட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். கைக்கடிகாரம் காட்டும் இதயத்துடிப்பைவிட இந்தச் சோதனை நம்பகமானது. நடை, நீச்சல், நிலையான சைக்கிள், கர்ப்பிணிகளுக்கென்று வடிவமைக்கப்பட்ட யோகா, லேசான எடைகளோடு செய்யும் பயிற்சி ஆகிய எல்லாமே ஏற்றவை. நீச்சலை நான் தனியாகப் பாராட்டுவேன். தண்ணீர் உடலைத் தாங்குவதால் முதுகுக்கும் மூட்டுகளுக்கும் விடுதலை கிடைக்கிறது. தண்ணீரின் அழுத்தத்தால் கால் வீக்கமும் தணிகிறது. 150 நிமிடங்களைப் பத்துப் பத்து நிமிடங்களாகப் பிரித்துச் செய்தாலும் கணக்கில் சேரும். குமட்டலும் அசதியும் ஆளைப் போட்டு வாட்டும் முதல் மாதங்களில் எதுவும் செய்ய முடியவில்லை என்றால் அதற்காக வருந்த வேண்டாம். உடல் தெளிந்த பிறகு தொடங்கினாலும் பயன் உண்டு.

சில வரம்புகள் மட்டும் உறுதியானவை. விழுந்துவிடக்கூடிய, வயிற்றில் அடிபடக்கூடிய விளையாட்டுகள் கூடாது. வயிறு முன்னே வரும்போது உடலின் சமநிலைப் புள்ளி மாறிவிடுகிறது, மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களும் தளர்கின்றன. அதனால் முன்பு எளிதாக இருந்த திருப்பமும் தாவலும் இப்போது அப்படி இருக்காது. ஆழ்கடல் முக்குளிப்பு முற்றாகக் கூடாது, ஏனெனில் மேலே வரும்போது உருவாகும் வாயுக் குமிழ்களிலிருந்து குழந்தையைக் காக்க வழியில்லை. உடல் வெப்பம் அளவுக்கு மீறி ஏறுவது, குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாவதைப் பாதிக்கக்கூடும்; எனவே சூடாக்கப்பட்ட அறையில் செய்யும் யோகாவும் உச்சி வெயில் ஓட்டமும் வேண்டாம், தண்ணீரும் போதிய அளவு குடிக்க வேண்டும். பிற்பாதியில் மல்லாந்து படுத்தபடி நெடுநேரம் பயிற்சி செய்தால், கருப்பையின் எடை இதயத்துக்கு ரத்தத்தைக் கொண்டுவரும் பெரிய சிரையை அழுத்தி, ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். அப்படி நேர்ந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாலே சரியாகிவிடும். எழும்போதும், முழங்கால்களை மடக்கி, ஒரு பக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி எழுவது நல்லது. மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுந்தால் வயிற்றின் நடுவே விரிந்து நிற்கும் தசைகளின் மீது அந்த இழுவை முழுவதும் விழும்.

ஓய்வுக்குக் காரணம் வேண்டும் என்றேன். அந்தக் காரணங்கள் உண்மையிலேயே இருக்கின்றன. இதய நோய், கடுமையான நுரையீரல் நோய், கருப்பை வாய் முன்கூட்டியே திறக்கும் குறைபாடு அல்லது அதற்காகத் தையல் போட்டிருப்பது, ஏழாவது மாதம் நெருங்கியும் நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருப்பது, விடாத ரத்தப்போக்கு, பிரீஎக்லாம்ப்சியா, பனிக்குடம் உடைந்திருப்பது, குறைப்பிரசவத்தின் அறிகுறிகள், கடுமையான ரத்தசோகை ஆகியவை இருந்தால் பயிற்சி கூடாது, அல்லது மருத்துவர் தனியாக வகுத்துத் தரும் அளவோடு நிற்க வேண்டும். இரட்டைக் குழந்தைகளைச் சுமப்பவர்களும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். நல்ல உடல்நிலையில் இருப்பவர்களும், பயிற்சியின் நடுவே ரத்தமோ நீரோ கசிந்தாலும், வயிறு சீரான இடைவெளியில் இறுகி வலித்தாலும், நெஞ்சு வலித்தாலும், தலை சுற்றினாலும், கடுமையான தலைவலி வந்தாலும், பயிற்சியைத் தொடங்கும் முன்பே மூச்சு வாங்கினாலும், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனையை அழைக்க வேண்டும். இங்கே தைரியத்துக்கு இடமில்லை.

மேலே சொன்ன எதையுமே செய்ய முடியாதவர்கள்கூட, மருத்துவர் தடுக்காத வரையில், இடுப்புத் தளத் தசைகளுக்கான பயிற்சியைச் செய்யலாம். அமெரிக்க மகளிர் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் இதை எழுதி வெளியிட்டதால் கெகல் பயிற்சி என்று அழைக்கப்படுகிறது. இடுப்பெலும்பின் அடியில் ஒரு தூளியைப் போல விரிந்து கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தாங்கும் தசைகள் இவை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வாயு வெளியேறுவதையும் சிறுநீர் வருவதையும் ஒரே நேரத்தில் அடக்குவதாக எண்ணி உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். தொடையோ பிட்டமோ இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. ஐந்து எண்ணும் வரை பிடித்திருந்து, பிறகு அதே அளவு நேரம் முழுமையாகத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிரசவத்தின்போது தேவைப்படுவது அந்தத் தளர்வுதான். எட்டு முதல் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை செய்தால் போதும். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்தி இதைப் பழகக் கூடாது. முன்பு சிறுநீர்க் கசிவு இல்லாத பெண்கள் கர்ப்பத்தில் இதைச் செய்துவந்தால், கசிவு ஏற்படும் வாய்ப்பு கர்ப்பகாலத்தில் ஏறத்தாழ பாதியாகவும், பிரசவத்துக்குப் பிறகு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் குறைவதாகக் கனடா வழிகாட்டுதல் சொல்கிறது. இருமினாலும் தும்மினாலும் ஆடை நனைந்துவிடுமோ என்று அஞ்சி வெளியே போவதையே தவிர்க்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர். யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் அதைச் சுமக்கிறார்கள்.

உடற்பயிற்சி செய்தால் சுகப்பிரசவம் உறுதி என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். சிசேரியன் தேவைப்படும் வாய்ப்பு ஓரளவு குறையலாம் என்ற அளவில்தான் ஆய்வுகள் நிற்கின்றன. குழந்தை திரும்பியிருக்கும் நிலை, நஞ்சுக்கொடி இருக்கும் இடம், இடுப்பெலும்பின் அமைப்பு, பிரசவ நேரத்தில் குழந்தையின் இதயத்துடிப்பு என்று எந்தப் பயிற்சிக்கும் கட்டுப்படாத காரணங்கள் பல உண்டு. கடைசி நாள் வரை நடந்தவளுக்கும் அறுவை சிகிச்சை நேரலாம். அப்போது அவளுடைய வலுவான இதயமும் நுரையீரலும் தசைகளும், அறுவையிலிருந்து எழுந்து நடமாட அவளுக்குத் துணை நிற்கும்.

பிரசவம் முடிந்ததும் எல்லார் கவனமும் குழந்தையின் பக்கம் திரும்பிவிடுவதால், தாயின் உடல் கேட்பாரற்றுப் போகிறது. சிக்கலின்றிப் பிரசவித்தவர்கள் உடல் ஒத்துழைக்கும்போது சில நாள்களிலேயே மெல்ல நடக்கத் தொடங்கலாம். அறுவை நடந்தவர்கள் மருத்துவரின் சொற்படி நடக்க வேண்டும். ஓட்டத்துக்கு அவசரம் வேண்டாம். பிரிட்டனைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்டுகள் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குறைந்தது மூன்று மாதங்கள் பொறுத்திருக்கச் சொல்கிறது. அதற்குப் பிறகும் கசிவோ, அடிவயிற்றில் ஏதோ கீழிறங்குவது போன்ற கனமோ தெரிந்தால் இடுப்புத் தளப் பயிற்சியில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். மிதமான பயிற்சியால் தாய்ப்பால் வற்றுவதில்லை, அதன் சத்தும் குறைவதில்லை. பால் கொடுத்துவிட்டு நடக்கப் போனால் மார்பின் கனம் குறைந்து நடை எளிதாகும்.

என்னைப் போலக் கர்ப்பகால நீரிழிவோடு பிரசவித்தவர்களிடம் தனியே ஒன்று சொல்ல வேண்டும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பிவிடுகிறது, அதோடு அந்த நோயை மறந்தும் விடுகிறோம். ஆனால் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு நமக்குப் பல மடங்கு அதிகம். பிரசவமாகி 4 முதல் 12 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். முடிவு இயல்பாக இருந்தாலும், ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும் பாருங்கள். குழந்தைக்குத் தடுப்பூசி போட அழைத்துச் செல்லும் நாளிலேயே உங்கள் பரிசோதனையையும் வைத்துக்கொண்டால் தள்ளிப்போகாது.